பீரங்கிக் கையா, குறி தவறாத கையா?

அமெரிக்கக் கால்பந்து வீடியோ விளையாட்டான மேடன் என்எஃப்எல்லில் அணியை நிர்வகிப்பவர்களை, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நேரத்தில் வாட்டும் கேள்வி இது: பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடம் முதலில் பார்க்க வேண்டியது கைவலிமையா, துல்லியமா?

என் வாக்கு துல்லியத்துக்கு, அதிலும் குறுகிய, நடுத்தரத் தூரத் துல்லியத்துக்கு. கைவலிமை மதிப்பெண் 97 உள்ளவர் 60 யார்டு எறிவதைப் பார்க்கக் கண் குளிரும். ஆனால் மூன்றாவது முயற்சியில் ஆறு யார்டு தேவைப்படும்போது பந்து சக வீரரின் காலடியில் விழுந்தால், அடுத்து பண்ட்தான், அதாவது பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவதுதான். ஒரு பருவம் முழுக்க நம்மை வாட்டுவது இந்த ஆறு யார்டுகளே. நிஜத்திலும் ஆறடியே உயரமுள்ள குவார்ட்டர்பேக் ட்ரூ ப்ரீஸ் 2018-இல் தன் எறிதல்களில் 74.4 சதவீதத்தை உரியவரிடம் சேர்த்தார். அபாரமான கைவலிமைக்காக 2007-இல் முதல் ஆளாகத் தேர்வான ஜமார்கஸ் ரஸ்ஸல் மூன்று பருவங்களே ஆடினார்.

கைவலிமையின் பக்கமும் நியாயம் உண்டு. வலிமையான கையிலிருந்து வரும் பந்து விரைவாகச் சேரும். தடுப்பவர் பாய்ந்து பறிக்க நேரம் கிடைக்காது. என்னைத் தயங்க வைப்பவர் வலிமையான கை கொண்ட குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன். உரியவரிடம் சேர்ந்த அவருடைய எறிதல்கள் 2018-இல் 52.8 சதவீதம், 2020-இல் 69.2. துல்லியம் வளரக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். விளையாட்டிலும் திறன் புள்ளிகளைக் கொண்டு அதை ஏற்றலாம். ஆகவே 21 வயது இளைஞரிடம் விரைவாக வளரும் ‘சூப்பர்ஸ்டார்’ வளர்ச்சித் தகுதி இருந்து, நமக்கும் இரண்டு பருவம் பொறுக்க மனம் இருந்தால் மட்டும் வலிமையை எடுப்பேன்.

வேகம்? குவார்ட்டர்பேக் லாமர் ஜாக்சன் 2019-இல் 1,206 யார்டு ஓடி, மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்விபி விருது பெற்றார். ஆனால் விளையாட்டில் வயது ஏறினால் கால்வேகம் குறையும். அதை நம்பி நீண்ட ஒப்பந்தம் போடாதீர்கள்.

விழிப்புணர்வு மதிப்பெண்ணை நீங்கள் எப்படி ஆடுகிறீர்கள் என்பதை வைத்தே எடைபோட வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் பிடித்து ஆடினால் களத்தைப் படிப்பவை உங்கள் கண்கள். அதற்காக விலை கொடுக்காதீர்கள். ஆட்டத்தைக் கணினியிடமே விட்டால் அது துல்லியத்துக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிடும்.

இருவர் சமமாக நின்றால், நெருக்கடியில் எறியும் திறன் கூடியவரையே எடுப்பேன், குறிப்பாக குவார்ட்டர்பேக்கைக் காக்கும் என் தடுப்பு வரிசை பலவீனமாக இருந்தால்.