விக்கிப்பீடியா கட்டுரை மதிப்பீட்டுக்கு 1,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். ஜூனியர்கள் தயவுசெய்து படியுங்கள்

முதுகலை வரலாறு படிக்கிறேன். போன செமஸ்டரில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. எங்கள் பேருந்து நிலையத்தைச் சுற்றி மட்டும் இதே வேலை செய்யும் ப்ராஜெக்ட் சென்டர்கள் நாலைந்து இருக்கின்றன, உங்கள் ஊரிலும் இருக்கும்.

ஆய்வு முறைகள் தாளுக்கு ஓர் அசைன்மென்ட் கொடுத்தார்கள். விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு வரலாற்றுக் கட்டுரையை எடுத்து, அதன் தரத்தை மதிப்பிட்டு எழுத வேண்டும், 15 மதிப்பெண். நான் கல்லணையை எடுத்தேன். அப்பாவின் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். சின்ன வயதில் ஆடிப்பெருக்குக்கு அங்கே போயிருக்கிறேன். ஆசையாகத்தான் எடுத்தேன். ஆனால் அந்த வாரம் அக்காவுக்கு வளைகாப்பு, அடுத்த வாரம் மாதிரித் தேர்வு. அப்போது ஒரு தோழியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன்: அசைன்மென்ட், ப்ராஜெக்ட், ஃபுட்நோட்டோடு மூன்று நாளில் ரெடி.

போன் செய்தேன். "அண்ணா, ஆதாரம் எல்லாம் சரியா இருக்குமா? எங்க மேடம் ஒவ்வொண்ணா பார்ப்பாங்க." "கவலையே படாதீங்க சிஸ்டர், எல்லாம் ஒரிஜினல் ரெஃபரன்ஸ்தான்." 1,000 ரூபாய் அட்வான்ஸை ஜிபேயில் அனுப்பினேன். மூன்று நாள் ஆறு நாளானது. கடைசித் தேதிக்கு முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்கு, மீதி 800 வந்த பிறகுதான் கோப்பை அனுப்பினார்கள். 22 பக்கம், 14 அடிக்குறிப்பு. பார்வைக்கு நன்றாக இருந்தது. காலையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிட்டேன். படித்துப் பார்க்காமல் கொடுத்தது என் தவறு, அதை மறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மேடம் கூப்பிட்டார். ஏழாம் பக்கத்தைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார்: 1804இல் சர் ஆர்தர் காட்டன் கல்லணையைப் புதுப்பித்தார். "காட்டன் எப்பம்மா பிறந்தார்?" தெரியவில்லை. "1803 மே மாசம். 1804ல அவருக்கு ஒரு வயசு." பிரிட்டிஷ் பொறியாளரான காட்டன் காவிரியில் வேலை செய்தது 1830களில். அவர் யோசனைப்படி முக்கொம்பில் மேலணை எழுந்தது 1836இல். இந்தத் தவறு கட்டுரையிலிருந்து வந்ததா, எழுதிக் கொடுத்தவர் கையிலிருந்து வந்ததா என்று கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. மதிப்பீடு எழுதியவள் கட்டுரையையே படிக்கவில்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துபோனது.

அப்புறம் அடிக்குறிப்புகள். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றுக்கு ஒரு பக்க எண் போட்டிருந்தார்கள். நூலகத்தில் எடுத்துப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் கரிகாலன் பேச்சே இல்லை. இரண்டு ஆய்விதழ்களின் பெயர்கள் எந்த நூலகப் பட்டியலிலும் கிடைக்கவில்லை. 2005இல் நேச்சர் என்ற அறிவியல் இதழ் ஆராய்ந்து, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைவிட விக்கிப்பீடியா சிறந்தது என்று சொன்னதாக ஒரு வரி. நேச்சர் அப்படிச் சொல்லவே இல்லை. 42 அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டார்கள். விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிக்காவில் 123. இரண்டுக்கும் பெரிய தூரமில்லை என்பதுதான் அவர்கள் சொன்னது, அதையும் பிரிட்டானிக்கா மறுத்தது. அறிவியல் கட்டுரைகளை வைத்து, அதுவும் ஆங்கிலத்தில் செய்த ஒப்பீட்டைக் கொண்டுவந்து தமிழ் வரலாற்றுக் கட்டுரைக்குச் சான்றிதழாக ஒட்டிவிட்டார்கள்.

முடிவுரைதான் எல்லாவற்றிலும் மோசம். கட்டுரையில் நிறைய மேற்கோள்கள் இருப்பதால் இது நம்பகமானது, அவ்வளவுதான். ஒரு மேற்கோளைக்கூடத் திறந்து பார்த்த அடையாளம் இல்லை.

அன்று மேடம் சொல்லித்தான் பிச்சோலிம் கதை எனக்குத் தெரிந்தது. பிச்சோலிம் வடகோவாவில் உள்ள ஊர். 1640–41இல் அங்கே போர்த்துகீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் போர் நடந்ததாக ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007 ஜூலையில் ஒரு கட்டுரை வந்தது. சுமார் 4,500 சொற்கள், வரிசையாக நூல்கள், பக்க எண்கள். இரண்டே மாதத்தில் அதற்கு 'நல்ல கட்டுரை' என்ற தர முத்திரையும் கிடைத்தது. அந்தப் போர் நடக்கவே இல்லை. மேற்கோள் காட்டிய நூல்களைத் தேடிப் போன ஒருவர் அவை இல்லாத நூல்கள் என்று கண்டுபிடித்த பிறகு, 2012 டிசம்பரில்தான் அதை நீக்கினார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் அந்த முத்திரையோடு இருந்திருக்கிறது. சிவாஜி பிறந்தது 1630இல், முடிசூடியது 1674இல். 1640இல் மராட்டியப் பேரரசு எங்கிருந்து வந்தது? வரலாறு படிக்கும் ஒருவர் ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் போதும். நான் காசு கொடுத்து வாங்கிய 22 பக்கத்துக்கும் இதே நிலைதான். யாராவது ஒரே ஒரு நூலை எடுத்துப் பார்க்கும் வரைதான் அது நிற்கும்.

மேடம் நல்லவர். பத்து நாள் அவகாசம் கொடுத்தார், மதிப்பெண்ணில் குறைப்பேன் என்று சொல்லியே கொடுத்தார். இந்த முறை நானே உட்கார்ந்தேன். 'வரலாற்றைக் காட்டவும்' என்ற இடத்தைச் சொடுக்கினால், யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார்கள் என்று எல்லாம் வரிசையாக வருகிறது. 'உரையாடல்' பக்கத்தில் பழைய சச்சரவுகள் அப்படியே கிடக்கின்றன. இவை இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. அந்தக் கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கரிகாலன் கல்லணை கட்டினான் என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டேன். இதற்கு மூல ஆதாரம் எது? கடை கொடுத்த பிரதியில் பட்டினப்பாலை என்று போட்டிருந்தது. 301 அடிதானே என்று முழுதும் படித்தேன். "காடு கொன்று நாடாக்கி, குளந்தொட்டு வளம்பெருக்கி" என்று கரிகாலனைப் புகழ்கிறது. கல்லணை என்ற சொல் அதில் இல்லை. ராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்ததைச் சொல்கிறது. அது பதினோராம் நூற்றாண்டு ஆவணம், கரிகாலனுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. அதுவும் கரையைத்தான் சொல்கிறது, ஆற்றின் குறுக்கே போட்ட கல் அணையை அல்ல. கரிகாலன் கட்டவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்பா ஊர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள், எனக்கும் அப்படிச் சொல்ல மனமில்லை. ஆனால் பாட்டு என்ன சொல்கிறது, செப்பேடு என்ன சொல்கிறது, நாம் காலகாலமாகச் சொல்லி வருவது என்ன என்று மூன்றையும் பிரித்துச் சொல்வதுதான் கலைக்களஞ்சியத்தின் வேலை. அதைச் செய்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் மதிப்பீடு. இந்த ஒரு வரிக்கே எனக்கு நான்கு நாள் ஆனது, அந்த நான்கு நாளும் எனக்குப் பிடித்திருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மெட்டீரியல் குடுத்துட்டோம் சிஸ்டர், மார்க்குக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். ரசீது கொடுக்கவில்லை. மறுநாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். ஜிபே விவரம் மட்டும் என்னிடம் இருக்கிறது. காசு கொடுத்து அசைன்மென்ட் வாங்கினேன் என்று எங்கே போய்ப் புகார் கொடுப்பது? அந்தக் கூச்சத்தை நம்பித்தான் இந்தத் தொழில் நடக்கிறது. எனக்கு 15க்கு 9 வந்தது.

இதை இன்று எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் முதலாண்டுப் பெண் ஒருத்தி, "அக்கா, இது சரியா இருக்கானு பாருங்க" என்று போனை நீட்டினாள். பார்த்துவிட்டு மீதிப் பணத்தைப் போடச் சொல்லி அதே கடை அனுப்பிய முதல் எட்டுப் பக்கம். தலைப்பு வைகை அணை. அதே முன்னுரை, அதே நேச்சர் வரி. ஏழாம் பக்கத்தில் 1804இல் சர் ஆர்தர் காட்டன் வைகை அணையைப் புதுப்பித்தார் என்று இருந்தது. வைகை அணை திறந்ததே 1959இல். அவள் ஏற்கெனவே 1,000 ரூபாய் அனுப்பியிருந்தாள். மீதி 800ஐ அனுப்பாதே என்று சொல்லி நூலகத்துக்கு அழைத்துப் போனேன்.