எரிமலைப் பாறையா, தீப்பாறையா?

வன்னியில் உயர்தரப் புவியியல் படிக்கும் மாணவர் பலர், இவ்விரு சொற்களுள் எதை எழுதுவதென்று தடுமாறுவதுண்டு.

பொருளெல்லை: பாறைக்குழம்பு எங்கே ஆறி இறுகினாலும் அது தீப்பாறை. நிலமேற்பரப்புக்கு வந்து இறுகினால்தான் அது எரிமலைப் பாறை. ஆகவே பின்னது முன்னதன் ஒரு வகையே.

பளிங்கு: ஆழத்தில் மெல்ல ஆறிய கிரனைற்றில் பளிங்குகள், அதாவது கனிமப் படிகங்கள், வெறுங்கண்ணுக்கே தெரியும். மேற்பரப்பில் விரைந்து ஆறிய பசால்ற்று என்னும் பாறையில் அவை மிக நுண்ணியவை. ஒப்சிடியன் என்னும் எரிமலைப் பாறையோ ஏறக்குறைய முழுதும் கண்ணாடி.

ஊர்வழக்கு: சிக்கல் இங்கேதான். வீட்டு அத்திவாரத்துக்கு இறக்கும் கல்லைக் கருங்கல் என்கிறோம். பசால்ற்றும் கருநிறம் என்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகின்றனர். ஆனால் வவுனியாப் பக்கம் நிலத்தடியில் பெரும்பாலும் இருப்பது, புவிச்சரிதவியலாளர் ‘வன்னித் தொகுதி’ என்று நம் மண்ணின் பெயரையே சூட்டிய, கேம்பிரியன் என்னும் தொல்புவிக் காலத்துக்கு முற்பட்ட, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய நைஸ் முதலிய பாறைகளாகும். நைசுக்கு இவ்விரு சொற்களுமே பொருந்தா.

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பரவி இறுகிய பசால்ற்றைக் குறிக்க எரிமலைப் பாறை என்பதே துல்லியமானது. கிரனைற்றையும் சேர்த்துச் சொல்வதாயின், அல்லது குழம்பு இறுகிய இடம் தெளிவாகாதபோது, தீப்பாறை என்று எழுதலாம்.