புல்வெட்டிக்கு டூ ஸ்ட்ரோக் இன்ஜினா, ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினா?

டர்பனில் கோடை மழை பிடித்துவிட்டால் கிகுயூ புல் நிற்காமல் வளரும். இங்குள்ள சாட்ஸ்வொர்த் பகுதி மாதிரி மேடுபள்ளமான இடத்தில் புல்வெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டே ஏறி இறங்க வேண்டும்; அங்கே டூ ஸ்ட்ரோக்தான் தோதுப்படும். கிராங்க் (இன்ஜினின் சுழல்தண்டு) சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு என்பதால் எடைக்கு நல்ல வலு. வால்வும் கிடையாது, பழுது பார்ப்பது எளிது. தொல்லை பெட்ரோலோடு எண்ணெய் கலப்பதில்தான்: 50:1 என்றால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய். குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். கூடினால் புகை, ஸ்பார்க் பிளக்கில் கரி. அவசரத்தில் யாராவது வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் கதை முடிந்தது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் இந்தக் கலவை வேலையே இல்லை. எண்ணெய்க்குத் தனி இடம். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், சத்தமும் தணிவு. ஞாயிறு காலையில் பக்கத்து வீட்டு ஆயா திட்டமாட்டார்! ஆனால் எடையும் விலையும் கூடுதல், வால்வு இடைவெளியும் பார்க்க வேண்டும். சமதளத்தில் சின்னப் புல்தரை என்றால் இதையே வாங்குங்கள்.