அண்ணாச்சி கடையும் ஒளிந்துகொள்ளும் ஸ்க்ரோல்பாரும்

பாளையங்கோட்டை நண்பன் நேற்று கேட்டான்: "ஏலே, புது வேலைக்கு ஜிடிகே எடுக்கலாமா? நீ ஆறு வருஷமா அதோடதான மல்லுக்கட்டுத?" போனில் பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். ஜிடிகே என்பது நாம் எழுதும் நிரலுக்கு ஜன்னல், பொத்தான், பட்டியல் எல்லாம் கட்டித் தரும் கருவிப்பெட்டி.

அம்பாசமுத்திரத்தில் ஒரு பலசரக்குக் கடைக்குப் பைத்தான் மொழியில் பில்லிங் நிரல் எழுதிக் கொடுத்தேன். லினக்ஸ், ஜிடிகே 3. அங்கே எல்லாம் நம்பர் பேடில்தான் ஓடும். மவுஸ் தராசுக்குப் பின்னால் வத்தல் தூசி படிந்து கிடக்கும்.

ஒரு நாள் கல்யாண வீட்டுச் சரக்கு, 19 உருப்படி. திரையில் தெரிந்தது 12. கடைப் பையன் அந்தப் பன்னிரண்டையும் கட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டான். கீழே இன்னும் ஏழு இருக்கிறது என்று சொல்ல வேண்டிய ஸ்க்ரோல்பார் ஒளிந்துகொண்டிருந்தது. மவுஸை அசைத்தால்தான் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு வரும். கிட்டே போனால் கொஞ்சம் பருக்கும். கையை எடுத்தால் போய்விடும். மறுநாள் அண்ணாச்சி, "என்னவே, மிச்சச் சரக்க ஒம்ம பொட்டி தின்னுட்டா?" என்றார். பெருங்காயம் அந்த ஏழில் ஒன்று. சமையல்காரர் தன்னைப் பேசிய பேச்சை அண்ணாச்சி அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னார்.

2015-இல் வந்த ஜிடிகே 3.16-இலிருந்து டீஃபால்ட்டே இதுதான். இந்த ஒளிதலை அணைக்க ஒரு வரி போதும், மறுக்கவில்லை. அந்த ஒரு வரியைப் பதினொரு ஜன்னலிலும் தேடித் தேடிப் போட்டேன். மொத்தமாக அணைக்க ஒரு செட்டிங் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். இதே பில்லிங்கை முதலில் பைத்தானோடு வரும் இன்னொரு கருவிப்பெட்டியான டிகின்டரில் எழுதியிருந்தேன். லினக்ஸில் 'பெருங்காயம்' என்று அடித்தால் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நிற்கும். ஜிடிகேயில், எழுத்தைத் திரையில் வரைவதற்கென்றே இருக்கிற பாங்கோவும் ஹார்ஃப்பஸ்ஸும் சேர்ந்து எழுத்தை ஒழுங்காகக் கோத்துக் கொடுத்தன. "பேப்பர்ல போடுத மாதிரியே இருக்கு" என்று அண்ணாச்சி சரக்கு வாங்க வந்தவர்களையெல்லாம் கல்லாப் பக்கம் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ஒரு நாளுக்காக எவ்வளவோ பொறுத்துக்கொண்டேன்.

ஜிடிகே 4-க்கு மாறத்தான் மனம் வரவில்லை. 'பில்லை அழிக்கவா?' என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்க முன்பு டயலாக் ரன் என்று ஒரே வரி. 4-இல் அதை எடுத்துவிட்டார்கள். கேள்வி ஓரிடம், பதில் வேறிடம் என்று பிரித்து எழுத வேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. கேள்விப் பெட்டி திறந்து நிற்கும்போதே டைமர் ஓடிப் பின்னால் பட்டியல் மாறி நானே பட்டிருக்கிறேன். ஆனால் 2023-இல் 4.10 வந்தபோது, என் பில் பட்டியல் முழுக்க நிற்கிற ட்ரீவியூ என்ற பட்டியல் உறுப்பையும் கைவிடும் கணக்கில் எழுதிவிட்டார்கள். இதற்கு என்ன சொல்ல?

ஆகவே மக்கா, நீ ஜிடிகேக்குப் போட்டியான க்யூட்டி எடுத்துக்கோ. அதிலும் தமிழ் ஒழுங்காக வரும். எனக்கு அடுத்த வாரம் சேரன்மகாதேவியில் ஒரு உரக்கடை வேலை தொடங்குகிறது. ஜிடிகே 3-தான். முதல் வரியே ஸ்க்ரோல்பார் ஒளியாமல் இருக்க அந்த செட்டிங்.