வள்ளத்து அலுமினியம் வெள்ளை பூத்தால்: பெயின்ட் பூசுவதா, திருகைப் பிரிப்பதா?

குளச்சல் கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் வள்ளம் ஒன்றின் அலுமினியக் கைப்பிடியை அருகில் சென்று பார்த்தால், அரிப்பு எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். குழாயின் நடுப்பகுதி மங்கியிருந்தாலும் உறுதியாகவே இருக்கும். அடித்தட்டை இறுக்கியிருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகின் தலையைச் சுற்றித்தான் சுண்ணாம்பு அப்பியதுபோல வெள்ளைப் பொடி பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்து, அடியில் ஊசிமுனைக் குழிகள் தென்படும். உப்புநீரில் நனைந்தபடி இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும்போது அங்கே ஒரு சிறு பேட்டரி உருவாகி, ஸ்டீலைக் காப்பாற்றிவிட்டு அலுமினியம் கரைகிறது.

பெரும்பாலோர் முதலில் நாடுவது பெயின்ட். செலவு குறைவு, பார்வைக்கும் நன்று. ஆனால் தேய்த்துச் சுத்தம் செய்த அலுமினியத்தின் மேல் உடனடியாக ஆக்சைடு படலம் படியத் தொடங்குவதால், அதற்குரிய பிரைமரைத் தாமதமின்றி, ஈரமில்லாத பரப்பில் பூச வேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அதாவது தென்மேற்குப் பருவமழைக்குள்ளேயே வருகிறது. படகு கரையில் இருக்கும், காற்றோ ஈரமாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் உள்ள, கிழக்குக் கரையிலிருக்கும் சின்ன முட்டத்துக்காரர்களுக்கு இந்த வேலை சற்று எளிது. அதைவிடப் பெரிய சிக்கல், அலுமினியத்தை மட்டும் பூசித் திருகை வெறுமையாக விட்டால், பூச்சில் விழும் ஒரு சிறு கீறலிலேயே அரிப்பு முழுவதும் குவிந்து ஆழமாகத் துளைத்துவிடும் என்பது. செம்பு கலந்த அடிப்பூச்சு அலுமினியத்தின் பக்கமே வரக்கூடாது. இரும்புக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் தவறு. இரும்புத் துகள்கள் பதிந்து புதிய அரிப்புக்கு வழிவிடும்.

இரண்டாவது வழி, உலோகங்களைப் பிரித்து வைப்பது. என் தேர்வு இதுவே. தலைக்கு அடியில் நைலான் வாஷர் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போல்ட்டின் உடல் துளையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை அந்த வாஷரால் பயன் இல்லை. 6 மி.மீ. போல்ட்டுக்குத் துளையை 8 மி.மீ. ஆக்கி, பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, இடைவெளிகளில் பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்ப வேண்டும். காடி வாடை அடிக்கும் சிலிகானைத் தவிர்க்க வேண்டும். அதில் வெளியாகும் அமிலமே உலோகத்தைத் தின்னும். கிராஃபைட் கிரீஸும் ஆகாது.

அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் துத்தநாகக் கட்டியைப் பொறுத்தவரை, அது நீருக்குள் இருக்கும்போதுதான் வேலை செய்யும். அவுட்போர்டு எஞ்சினின் காலுக்கு அது இன்றியமையாதது; பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும், அதன்மேல் பெயின்ட் பூசவும் கூடாது. மேல்தளக் கைப்பிடிக்கு அதனால் எள்ளளவும் பலன் இல்லை.

எல்லாவற்றையும், கடல் உப்பை நன்கு தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிவிடலாம் என்பாரும் உண்டு. ஒரே அளவுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு எடையும், அதற்கேற்ற விலையும் சிறிய வள்ளத்துக்குச் சுமைதான். குழி அடித்தட்டின் பாதித் தடிமனைத் தாண்டியிருந்தால், அந்தத் தட்டை மட்டும், கடல்நீருக்கு ஏற்ற 5083 ரக அலுமினியத்தில் புதிதாக வெட்டிப் போட்டு, அதன் துளைகளில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் செருகி இறுக்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.