இரண்டு அம்சமா, ஒன்றே போதுமா: அமெரிக்கத் துப்பாக்கித் தடையின் இரு வடிவங்கள்

அமெரிக்காவில் 1994 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடைச் சட்டத்தையும், 2022 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 217-க்கு 213 என்ற வாக்குகளில் நிறைவேறி, செனட்டைத் தாண்ட முடியாமல் போன மசோதாவையும் முக்கியமாக வேறுபடுத்துவது ஓர் எண்ணிக்கைதான்.

கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டி கொண்ட அரைத் தானியங்கி (விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா சுடும்) ரைபிளில் கைத்துப்பாக்கியில் உள்ளது போன்ற தனிக் கைப்பிடி, மடக்கும் அடிக்கட்டை, முனையில் கத்தி பொருத்தும் பிடி போன்றவற்றுள் இரண்டேனும் இருந்தால்தான் பழைய சட்டம் அதைத் தடுத்தது; ஆகவே தயாரிப்பாளர்கள் கத்திப் பிடியையும், சுடும்போது எழும் ஒளியை மறைக்கும் சுடர் மறைப்பானையும் நீக்கிவிட்டு, அதே தோட்டாவை அதே வேகத்தில் சுடும் துப்பாக்கியைச் சட்டப்படியே விற்றார்கள். புதிய மசோதாவோ ஓர் அம்சமே போதும் என்றது. தனிக் கைப்பிடி ஒன்றே தடைக்குப் போதுமானதாகிவிடுவதால், இந்த வரையறையே உறுதியானது என்று கருதுகிறேன்.

பழைய சட்டம் பத்தாண்டுக் கெடுவுடன் வந்ததால் 2004-இல் தானாகக் காலாவதியானது.

ஆயினும், ஏற்கெனவே மக்களிடம் இருந்த துப்பாக்கிகளை இரண்டுமே தொடவில்லை. 1996-இல் தன் போர்ட் ஆர்தர் ஊரில் ஒருவன் சுட்டு 35 பேர் கொல்லப்பட்ட பின் ஆஸ்திரேலியா 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்பப் பெற்றதை நினைத்தால், இந்தக் குறை மனத்தை உறுத்துகிறது.