ஜெர்மன் லேப்டாப், கோபியில் பட்ட பாடு
மியூனிக்கில் தள்ளுபடி பார்த்து தங்கச்சிக்கு லேப்டாப் வாங்கினேன், மெஷினில் குறையே இல்லை. ஆனால் கீபோர்டு ஜெர்மன். ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட், இசட் இடத்தில் ஒய். கோபிசெட்டிபாளையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றைக்கே, "ஏனுங்ணா, பாஸ்வேர்டே விழ மாட்டேங்குது" என்றாள். செட்டிங்கில் இங்கிலீஷுக்கு மாற்றியாச்சு, எழுத்து சரியாக விழுகிறது, கட்டையில் அச்சடித்ததுதான் இப்போது பொய். ஸ்டிக்கர் ஒட்டினோம், இசட் அதற்குள் உரிந்துவிட்டது. கஸ்டம்ஸில் தொந்தரவில்லை, 18 வயது நிரம்பியவர்கள் ஆளுக்கு ஒரு லேப்டாப் வரியில்லாமல் கொண்டுவரலாம். வாரண்டிதான் வயிற்றெரிச்சல்: சார்ஜிங் பின் ஆடுகிறதென்று கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனால், சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு "இது அங்க மட்டும் தானுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வாங்கும்போதே சர்வதேச வாரண்டியா என்று கேட்டிருக்கணும், கேட்கவில்லை.